ஒரு கைதான் வேலை செய்கிறது. அலர்ஜி ஊசியை யார் போடுவது?

விக்கிரமங்கலத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். மாமனாருக்குப் பக்கவாதம் வந்து வலது கை வரவில்லை. விரல்கள் மடங்கியே இருக்கின்றன. இடது கையால் சாப்பிடுகிறார், இடது கையில் தடி ஊன்றி நடக்கிறார், ஆடு ஓட்டிக்கொண்டு போவதை மட்டும் விடவில்லை. போன வருடம் பனைமரத்துக் கதண்டு கடித்து உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இரைத்து, கண் இருட்டி விழுந்துவிட்டார். மருத்துவமனையில் பிழைக்க வைத்தார்கள். அடுத்த முறை இதைவிட வேகமாக வரலாம், ஊசி பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று மருத்துவர் எச்சரித்திருக்கிறார். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் கொழுந்தனார் அட்ரினலின் பேனா வாங்கி அனுப்புகிறேன் என்கிறார். "மாமாவால் அதை ஒரு கையாலேயே போட்டுக்கொள்ள முடியுமா?" இதுதான் கேள்வி.

பழகினால் முடியும். ஆனால் அவர் கையை மட்டும் நம்பி இருக்காதீர்கள். இரண்டு கையும் நன்றாக இருக்கிறவருக்கே அந்த நேரத்தில் கை நடுங்கும், கண் மங்கும், புத்தி குழம்பும். அதனால் உங்கள் மாமாவின் இடது கையைப் பழக்குவது ஒரு வேலை. அவரைச் சுற்றி இருக்கிற கைகளைப் பழக்குவது அதைவிடப் பெரிய வேலை. இரண்டையும் சொல்கிறேன்.

முதலில், ஏன் இவ்வளவு அவசரம் என்பது வீட்டில் எல்லோருக்கும் புரிய வேண்டும். இங்கிலாந்து மருத்துவர் ரிச்சர்ட் பம்ஃப்ரி, கடும் ஒவ்வாமையால் இறந்தவர்களின் விவரங்களை ஆராய்ந்து 2000-ல் வெளியிட்டார். உணவு ஒவ்வாமையில் இதயமோ மூச்சோ நிற்க ஆன நேரத்தின் நடுமதிப்பு 30 நிமிடம். பூச்சிக் கடியில் 15 நிமிடம். மருத்துவமனையில் கொடுத்த மருந்தால் வந்தால் 5 நிமிடம். காட்டில் கடி வாங்கியவரைத் தூக்கி வண்டியில் ஏற்றி அரியலூருக்கோ ஜெயங்கொண்டத்துக்கோ கொண்டுபோய்ச் சேர்க்க 15 நிமிடம் போதாது. எனவே முதல் ஊசி கடித்த இடத்திலேயே, தொடையில் இறங்க வேண்டும்.

அந்த முதல் ஊசி அட்ரினலின்தான். அவில் ஊசி, டெக்சா ஊசி, செட்டிரிசின் மாத்திரை எல்லாம் அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும். இறங்கிப்போன இரத்த அழுத்தத்தை ஏற்றாது, அடைபடும் தொண்டையைத் திறக்காது. சுண்ணாம்பும் வெங்காயமும் கடிவாயில் தடவலாம், உயிரைக் காக்காது. "அவில் போட்டு அரை மணி பார்ப்போம்" என்று யாராவது சொன்னால், கடித்தபின் மூச்சு இரைப்போ, குரல் மாற்றமோ, தலைசுற்றலோ, வாந்தியோ வந்திருக்கிறதா என்று கேளுங்கள். வந்திருந்தால் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. தோலில் தடிப்பே இல்லாமலும் இது வரும் என்பதையும் மறக்க வேண்டாம். கதண்டு பத்து இருபது கடித்திருந்தால் ஒவ்வாமை இல்லாதவருக்கும் அந்த விஷமே சிறுநீரகத்தைக் கெடுக்கும். அறிகுறி இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்.

இனி பேனா. அமெரிக்காவில் எபிபென் என்ற அட்ரினலின் பேனா 1987-ல் அனுமதி பெற்றது. இத்தனை ஆண்டுகள் ஆகியும் நம் ஊர் மருந்துக் கடையில் அட்ரினலின் பேனா கேட்டால் கிடைப்பது அரிது. வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர்கள்தான் வைத்திருக்கிறார்கள். கொழுந்தனார் வாங்குவதென்றால் அங்கே மருத்துவர் சீட்டு கேட்கலாம். இங்கே உங்கள் மருத்துவர், மாமாவின் பெயரில், நோய் விவரத்தோடு எழுதித் தர வேண்டும். சொந்த உபயோகத்துக்குச் சிறிய அளவில் மருந்தைத் தருவிக்க மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் படிவம் 12ஏ-யில் விண்ணப்பித்து அனுமதி வாங்கும் வழியும் உண்டு. வாங்கினால் இரண்டு பேனாவாக வாங்குங்கள், ஏனென்றால் 5 முதல் 15 நிமிடத்தில் இரண்டாவது ஊசி தேவைப்படலாம். காலாவதி தேதி பெரும்பாலும் ஒன்றரை வருடத்துக்குள் வந்துவிடும். கடையில் எடுக்கும்போதே தேதியைப் பார்க்கச் சொல்லுங்கள். பல ஆயிரம் ரூபாய் போகும் பொருள்.

எந்தப் பேனா என்பதில் கை முக்கியம். எபிபென்னும் ஜெக்ஸ்டும் முஷ்டியில் பிடித்துத் தொடையில் அழுத்துகிற வகை. விரல் நுனியின் பலம் அதிகம் வேண்டாம், தோளும் உடம்பும் தள்ளினால் போதும். அனாபென் என்பதில் இரண்டு மூடியைக் கழற்றி, கட்டைவிரலால் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். மூட்டுவாதத்தால் கட்டைவிரல் வலிக்கிறவருக்கு அது சரிப்படாது. அமெரிக்காவில் விற்கும் ஆவி-கியூ தட்டையானது, வாய்விட்டுப் பேசி வழி சொல்லும். ஆனால் அது பேசுவது நம் மாமாக்களுக்குப் பழகிய மொழி இல்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2024 ஆகஸ்டில் நெஃபி என்ற மூக்கு ஸ்பிரேக்கு அனுமதி தந்தது. ஊசி கிடையாது, மூக்குத் துளையில் வைத்து ஒரு அமுக்கு. கை வராதவர்களுக்கு இது பெரிய வரம் என்பது என் எண்ணம். நம் ஊர்க் கடைக்கு வரும்வரை பேனாவையும் சிரிஞ்சையும் வைத்துத்தான் திட்டம் போட வேண்டும்.

எபிபென்னை ஒரு கையால் போடுவதில் சிரமம் குத்துவதில் இல்லை, நீல மூடியைக் கழற்றுவதில் இருக்கிறது. அந்த மூடியை நேர் மேலே இழுக்க வேண்டும். திருகக் கூடாது, கட்டைவிரலால் நெம்பவும் கூடாது, பக்கவாட்டில் வளைத்தால் பேனா தானாக வெடித்து ஊசி வெளியே வந்துவிடலாம். பல்லால் கடித்து இழுக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். மூச்சுத் திணறுகிறவர் வாயில் ஒரு பிளாஸ்டிக் மூடி போவது இன்னொரு ஆபத்து. பக்கவாதம் வந்த பலருக்கு விரல் வராவிட்டாலும் மேல்கையை உடம்போடு சேர்த்து இறுக்க வரும். அப்படி இறுக்க வந்தால், பேனாவின் நீல முனை முன்னால் நீட்டியிருக்கும்படி வலது அக்குளில் செருகி, நல்ல கையால் நேராக இழுத்துக் கழற்றலாம். இறுக்கம் இல்லாதவர் உட்கார்ந்து இரண்டு முழங்காலுக்கு நடுவில் பேனாவைப் பிடித்து மூடியை மேலே இழுக்கலாம். ஆரஞ்சு முனை எதிலும் இடிக்காமல் தொங்க வேண்டும். இரண்டில் எது மாமாவுக்கு வருகிறது என்பதை ஊசியும் மருந்தும் இல்லாத பயிற்சிப் பேனாவில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், உண்மைப் பேனாவில் முதல்முறையாகச் செய்து பார்ப்பது கூடாது. பயிற்சிப் பேனாவையும் சேர்த்து அனுப்பும்படி கொழுந்தனாரிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. மாமாவின் நல்ல கையில் தடி இருக்கிறது. அவர் நின்றபடியே தடியைப் போட்டுவிட்டுப் பேனாவைத் தேடினால் விழுவார். கடித்ததும் கூட்டை விட்டு விலகி வந்து, முதலில் தரையில் உட்கார வேண்டும். பிறகு பை, பிறகு பேனா. இந்த வரிசையை அவர் உடம்பு பழக வேண்டும். பேனா இடுப்பின் இடது பக்கம், நல்ல கை எட்டுகிற இடத்தில் தொங்கட்டும். ஜிப் வைத்த பை என்றால் ஜிப்பில் விரல் நுழைகிற அளவு கயிற்று வளையம் கட்டுங்கள். பட்டன், முடிச்சு, இறுக்கமான டப்பா எதுவும் வேண்டாம்.

குத்துவது இடது கையால் இடது தொடையில். தொடையின் வெளிப்பக்கம், இடுப்புக்கும் முழங்காலுக்கும் நடுவில். வேட்டியை விலக்கிக்கொண்டிருக்க வேண்டாம், ஒற்றைத் துணி வழியாக ஊசி போகும். மடிப்பில் சாவிக்கொத்தோ சில்லறையோ இல்லையா என்று மட்டும் பார்க்க வேண்டும். பேனாவை முஷ்டியில் பிடித்து, முனையில் கட்டைவிரல் வைக்காமல், ஆரஞ்சு முனையைத் தொடையில் செங்குத்தாக வைத்து, கை பலம் போதாவிட்டால் மேலுடம்பை அதன்மேல் சாய்த்து அழுத்த வேண்டும். 'டிக்' என்று கேட்டபின் எபிபென் என்றால் 3 நொடி, ஜெக்ஸ்ட் என்றால் 10 நொடி அப்படியே பிடிக்க வேண்டும். பெட்டியில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே கணக்கு.

தொழுநோயாலோ சர்க்கரையாலோ கை மரத்துப் போனவர்களுக்கு இங்கே தனியாக ஒரு சொல். உங்களுக்குச் சிரமம் பலத்தில் இல்லை, உணர்வில். பேனாவைத் தலைகீழாகப் பிடித்துக் கட்டைவிரலில் குத்திக்கொள்வது நல்ல கைகாரர்களுக்கே நடக்கும் விபத்து. வலியில் உடனே தெரிந்துவிடும். மரத்த விரலில் குத்தினால் தெரியாது. அட்ரினலின் அந்த விரலின் இரத்தக் குழாயைச் சுருக்கிவிடும், விரல் வெளுத்துச் சில்லிட்டுப் போகும். அதோடு, மருந்து தொடைக்குப் போகவே இல்லை என்பதும் தெரியாமல் போகும். எனவே தொட்டுப் பார்த்து நம்பாதீர்கள், கண்ணால் பாருங்கள். எபிபென் வேலை செய்திருந்தால் ஆரஞ்சு முனை நீண்டு ஊசியை மூடியிருக்கும். நீளவில்லை என்றால் மருந்து இறங்கவில்லை. விரலில் குத்தியிருந்தால் இரண்டாவது பேனாவைத் தொடையில் போட்டுவிட்டு, மருத்துவமனையில் விரலையும் காட்டுங்கள்.

மூட்டுவாதக்காரர்கள் கவனிக்க வேண்டியது வேறு. கை வலிக்கு அவர்கள் எடுக்கிற டைக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபன் போன்ற வலி மருந்துகளே கடும் ஒவ்வாமையைக் கிளப்பலாம். ஒருமுறை அப்படி ஆகியிருந்தால் மருந்தின் பெயரை எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஊரில் போடும் வலி ஊசிக்கு முன்னால் அந்தச் சீட்டைக் காட்டுங்கள். காலையில் விரல் விறைத்திருக்கும் நேரத்தில் பேனா மூடி வருகிறதா என்றும் சோதியுங்கள். மத்தியானம் வந்தது காலை ஆறு மணிக்கு வராது.

பேனா கைக்கு வரும்வரை என்ன செய்வது? நம் நாட்டில் அட்ரினலின் ஆம்ப்யூலாகத்தான் வருகிறது. 1 மி.லி. கண்ணாடிக் குப்பி, அதில் 1 மில்லிகிராம். விலை மலிவு, மருத்துவர் சீட்டுக்குக் கிடைக்கும். பெரியவர்களுக்கு வழக்கமாக 0.5 மி.லி. தொடைத் தசையில் போடுவார்கள். குழந்தைகளுக்கு எடைக் கணக்கு, கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். அதாவது ஒரு குப்பியில் பெரியவருக்கான இரண்டு வேளை இருக்கிறது. முழுக் குப்பியையும் ஒரே தடவையில் ஏற்றிவிடக் கூடாது, நரம்பில் போடவே கூடாது. இதைக் கழுத்தொடித்து, சிரிஞ்சில் இழுத்து, காற்றை வெளியேற்றி, அளவு பார்த்துக் குத்த இரண்டு நல்ல கைகளும் நிதானமான கண்ணும் வேண்டும். மாமாவால் ஆகாது. சிரிஞ்சு முறை என்றால் அது உங்கள் கை, அல்லது பேரன் கை, அல்லது பக்கத்து வீட்டுக்காரர் கை.

அதற்கும் எளிதான வழி, மருத்துவரிடம் கேட்டு 0.5 மி.லி. நிரப்பிய சிரிஞ்சுகள் இரண்டு வாங்கி வைத்துக்கொள்வது. 1 மி.லி. சிரிஞ்சு, தசைவரை போகிற ஒரு அங்குல ஊசி. வீட்டில் இன்சுலின் சிரிஞ்சு இருக்கிறது என்று அதை எடுக்காதீர்கள்; ஊசி குட்டை, கோடுகளும் யூனிட் கணக்கு. நிரப்பிய சிரிஞ்சைப் பழைய மூக்குக்கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் வெளிச்சமும் படாது, தண்டும் அமுங்காது. நிரப்பிய தேதியை மேலே ஒட்டுங்கள். குப்பிக்குப் போட்ட காலாவதி தேதி சிரிஞ்சுக்குப் பொருந்தாது. எத்தனை வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டு, அந்த நாளைக் காலண்டரில் குறியுங்கள். மருந்து தண்ணீர்போல் தெளிவாக இருக்க வேண்டும். இளஞ்சிவப்போ பழுப்போ ஏறியிருந்தால் தூக்கிப் போடுங்கள்.

வெயில் அட்ரினலினுக்கு ஆகாது. 25 டிகிரிக்குள் வைக்கச் சொல்கிற மருந்து இது. சித்திரை வெயிலில் நம் பக்கம் அதற்கு எங்கே போவது? ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது, ஐஸ் மேல் வைக்கக் கூடாது, பைக் டிக்கியில் வைக்கவே கூடாது. துணிப்பையில் சுற்றி நிழலில், உடம்போடு ஒட்டாமல் இருந்தால் போதும். ஆடு மேய்க்கப் போகும்போது மாமா மரத்தடியில் பையைக் கழற்றி வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். அதுதான் எனக்கு வெயிலைவிடப் பெரிய கவலை. கூடப் போகிற ஒருவருக்குப் பை எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஊசி போட்டபின் நடக்கிற தவறு ஒன்று பல உயிர்களை எடுக்கிறது. ஆளைத் தூக்கி நிறுத்தி, பைக்கில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு பறப்பார்கள். நல்ல மனசோடுதான் செய்கிறார்கள். ஆனால் கடும் ஒவ்வாமையில் இரத்தம் காலில் தேங்கிவிடும். திடீரென்று நிமிர்த்தினால் இதயத்துக்குத் திரும்ப இரத்தமே இருக்காது. படுத்திருந்தவரை எழுப்பிய சில நொடிகளில் உயிர் போனதை அதே பம்ஃப்ரி 2003-ல் தனிக் கட்டுரையாகவே எழுதினார். படுக்க வையுங்கள், காலடியில் மூட்டையோ மடித்த சாக்கோ வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் காலை நீட்டியபடி சாய்ந்து உட்காரலாம். வாந்தி வந்தாலோ நினைவு தப்பினாலோ ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பக்கவாதம் வந்தவருக்கு விழுங்குவதும் சிரமம் என்பதால் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள். வண்டி என்றால் படுக்க இடமுள்ள வண்டி.

108-க்கு யார் கூப்பிடுவது என்பதையும் முன்பே பேசி வையுங்கள். இந்தச் சேவை தமிழ்நாட்டில் 2008 செப்டம்பர் முதல் ஓடுகிறது; "பூச்சி கடித்து அலர்ஜி, மூச்சுத் திணறல்" என்ற வார்த்தைகளை முதலிலேயே சொல்லுங்கள், பிறகு ஊர், பிறகு அடையாளம். மாமா தனியாக இருக்கும்போது விரலால் எண் அழுத்துவது கஷ்டம் என்றால், ஒரே பட்டனை அமுக்கிப் பிடித்தால் உங்களுக்கு அழைப்பு வரும்படி அவர் போனில் வைத்துக் கொடுங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் இரவிலும் திறந்திருக்குமா என்று ஒருநாள் போய்க் கேட்டுவிடுங்கள். பாம்புக்கடி மருந்தே ஒவ்வாமையைக் கொடுக்கக்கூடியது என்பதால், அதைப் போடுகிற இடத்தில் அட்ரினலினும் வைத்திருப்பார்கள். தடுப்பூசி போடும் நாட்களில் கிராம சுகாதார செவிலியரிடமும் இருக்கும். சிரிஞ்சு பிடிக்கக் கற்றுத்தர அவரைவிட நல்ல ஆசிரியர் ஊருக்குள் கிடைக்க மாட்டார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் இயன்முறை மருத்துவரிடம் பயிற்சிப் பேனாவைக் கொடுத்து, மாமாவின் கைக்கு எந்தப் பிடி ஒத்துவரும் என்று கேளுங்கள்.

"பக்கவாதம் வந்தவர், பிரஷர்காரர், அட்ரினலின் போட்டால் இதயம் நின்றுவிடாதா?" என்று யாராவது தடுப்பார்கள். சில நேரம் ஊசி போட வேண்டியவரே தயங்குவார். சரியான அளவில் தொடையில் போட்டால் சற்று நேரம் படபடப்பும் நடுக்கமும் வரும், பிறகு அடங்கும். போடாமல் விட்டால் வரும் ஆபத்து அதைவிடப் பல மடங்கு. உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமையில் அட்ரினலின் போடவே கூடாதவர் என்று யாரும் இல்லை. இதை மருத்துவர் கையால் ஒரு தாளில் எழுதி வாங்கி ஊசியோடு வையுங்கள். அதே நாளில் மாமா சாப்பிடும் பிரஷர் மாத்திரைகளையும் காட்டுங்கள். அட்டெனோலால், மெட்டோபுரோலால், புரோப்பிரனோலால் வகை என்றால் அட்ரினலின் வேலை செய்வது குறையலாம். மாற்று மாத்திரை சரிப்படுமா என்று அவர் பார்ப்பார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், பக்கவாதம் திரும்ப வர அதுவே காரணமாகும்.

ஊசி போட்டு ஆள் தெளிந்தபின் "சரியாகிவிட்டது, வீட்டுக்குப் போவோம்" என்று கிளம்ப வேண்டாம். மருந்தின் வேகம் அடங்கியதும் சிலருக்குச் சில மணி நேரம் கழித்து அதே தொல்லை திரும்பும். எத்தனை மணிக்கு ஊசி போட்டீர்கள் என்பதை எழுதிக்கொண்டு, மருத்துவமனையில் சொல்லுங்கள். அவர்கள் விடும்வரை இருங்கள். விடும்போது, பயன்படுத்திய சிரிஞ்சுக்குப் பதில் புதிதாக ஒன்றை நிரப்பி வாங்கிய பிறகே வண்டி ஏறுங்கள்.